சொன்னால் ஆறும், சொல்ல வைத்தால் வலிக்கும்

பொன்முடி மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது வித்துரா. திருவனந்தபுரம் மாவட்டத்தின் இந்தச் சிற்றூர், ஒரு வழக்கின் பெயராகவே கேரளத்துக்கு வெளியே அறிமுகமானது. வேலை வாங்கித் தருவதாக 1995இல் அழைத்துச் செல்லப்பட்ட இளம்பெண் பலருக்கு விற்கப்பட்டார். இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். குற்றம்சாட்டப்பட்ட பலர் விடுதலையானார்கள். பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்த முதல் குற்றவாளிக்குக் கோட்டயம் தனி நீதிமன்றம் 24 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தபோது, காலண்டர் 2021 பிப்ரவரியைக் காட்டியது.

அந்தப் பெண் யார் என்று வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. அவர் மனநிலை அவருடைய சொந்த விஷயம். ஆனால் கால் நூற்றாண்டு நீண்ட வழக்கு ஒரு பொதுக் கேள்வியை எழுப்புகிறது: பட்ட கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்பவரின் மனம் என்ன ஆகும்?

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயரில் ஒரு நோய் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் பட்டியலில் சேர்ந்தது. போர் வீரர்களுக்கு மட்டும் வருவதல்ல இது. பாலியல் வன்முறையும் முக்கியக் காரணம். நடந்து முடிந்த காட்சி இப்போது நடப்பதுபோலத் திரும்பும். கெட்ட கனவுகள், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல், காரணமற்ற குற்ற உணர்வு. நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் மனம் தவிர்க்கும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் சிகிச்சை அவசியம்.

நினைவு துண்டு துண்டாக இருப்பதும் உண்டு. தேதி மாறும், வரிசை குழம்பும். குறுக்கு விசாரணையில் அதுவே பொய்யாகத் தோன்றிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், சிகிச்சையும் பேச்சுதான். பயிற்சி பெற்ற உளவியலாளரிடம், பாதுகாப்பான சூழலில், நோயாளி தாங்கும் வேகத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அச்சம் மெல்லத் தணிகிறது. கண் அசைவுகளோடு நினைவை அணுகும் இ.எம்.டி.ஆர். முறையும் பலனளிக்கிறது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. தூக்க மாத்திரைகள் நோயைத் தீர்ப்பதில்லை. "எல்லாவற்றையும் இப்பவே கொட்டிவிடு" என்ற வற்புறுத்தலும் உதவாது.

வித்தியாசம் ஒன்றே: எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைச் சிகிச்சை அறையில் பாதிக்கப்பட்டவர் தீர்மானிக்கிறார், நீதிமன்றத்தில் மற்றவர்கள். இதை உணர்ந்துதான், இத்தகைய சாட்சிகளுக்கு மாவட்டந்தோறும் தனி வாக்குமூல மையம் அமைக்க உச்ச நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது.

மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் இலவச எண்: 14416. தமிழிலும் பேசலாம். ஆனால் முதல் மருந்து வீட்டிலேயே இருக்கிறது: "நீ ஏன் போனாய்?" என்று கேட்காமல் இருப்பது.