சுக்குக்குள் ஒரு சின்ன நஞ்சு

தேங்காய்ப்பட்டணத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அயிலை கொஞ்சம் பழசானாலும், இஞ்சியைக் கூடுதலாக அரைத்து விட்டால் விஷம் முறிந்துவிடும் என்பார் உம்மா. சரிதானா?"

பாதி சரி. ஆனால் அந்தப் பாதி மீனுக்கு உதவாது.

இஞ்சி நஞ்சை முறிக்கும் என்பது வெறும் கைவைத்தியப் பேச்சல்ல. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். திருச்சூர் அமலா மருத்துவ ஆய்வாளர்கள் இஞ்சிச் சாரம் கொடுத்த எலிகளில் அந்தச் சேதம் குறைந்ததை 2007இல் வெளியிட்டார்கள். காட்மியம், சாராயம் என்று வேறு நஞ்சுகளோடும் சோதித்திருக்கிறார்கள்.

என்னை வியக்கவைப்பது அது நடக்கும் விதம். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். காயும்போது அது ஒரு நீர் மூலக்கூறை உதறிவிட்டு ஷோகால் ஆகிறது. இஞ்சியைவிடச் சுக்கு காட்டமாக இருப்பது அதனால்தான். இந்த ஷோகால் நஞ்சோடு மல்லுக்கட்டுவதில்லை; தானே ஒரு சின்ன நஞ்சுபோல நடந்துகொள்கிறது. உயிரணுவில் கீப்1 என்ற புரதம் என்ஆர்எஃப்2 என்ற இன்னொன்றைப் பிடித்து வைத்திருக்கும். ஷோகால் வந்து கீப்1இல் ஒட்டியதும் பிடி தளர்கிறது. விடுபட்டது உட்கருவுக்குள் போய், குளுட்டாத்தயோன் போன்ற காப்புச் சரக்குகளைச் செய்ய முடுக்கிவிடுகிறது. இதுவும் அப்படித்தான்: எங்கள் தெரு நாய் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தாலும் தெருவே விழித்துக்கொள்ளும். அந்நேரம் திருடன் வந்தால் அகப்படுவான்.

பாராசிட்டமால் மிகுந்தால் தீர்ந்துபோவதும் இதே குளுட்டாத்தயோன்தான். அதை ஈடுகட்டத்தான் ஆஸ்பத்திரியில் அசிட்டைல்சிஸ்டைன் ஏற்றுகிறார்கள். கருப்பட்டியும் நல்லமிளகும் தட்டிப்போட்ட சுக்குக்காப்பி எவ்வளவு ருசித்தாலும் அந்த வேலையைச் செய்யாது. எலிச் சோதனையைக் காட்டி, கல்லீரலைக் கழுவும் என்று இஞ்சி மாத்திரை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மனிதரிடம் நன்றாகச் சோதித்தது குமட்டலுக்குத்தான்: மசக்கையிலும் புற்றுநோய் மருந்து ஏற்றும்போதும்.

அயிலை சங்கதி வேறு. ஐஸ் இல்லாமல் கிடந்தால், பாக்டீரியா அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளை ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். சூரைக்கும் இதே கதி. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு அரிக்கும். ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது, பிறகு ஐஸில் போட்டாலும் போகாது. இஞ்சி வாடையை மறைக்கும், அவ்வளவே. வாடையே இல்லாத மீனிலும் ஹிஸ்டமின் இருக்கலாம்.

பிடித்த உடனே ஐஸில் போடுவதுதான் வழி. வள்ளத்தில் ஐஸ் பெட்டிக்கு இடம் ஏது என்பார்கள் மீன்பிடிப்பவர்கள். சந்தையில் மீனைத் தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காயவிடுவது அதைவிட மோசம். வாசகி அடுத்தமுறை விலை கேட்குமுன், எப்போது பிடித்தது, ஐஸில் இருந்ததா என்று கேட்டுப் பார்க்கட்டும். தின்றபின் மூச்சு முட்டினால் இஞ்சி தட்டிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.