இறாலின் தலையில் என்ன இருக்கிறது?

நரிக்குடியில் கடல் இல்லை. கண்மாயும் கருவேலங்காடும்தான். ஆனா சந்தைக்குப் போனா காய்ந்த இறாலும் சென்னாக்கூனியும் கிடைக்கும். அதனால, இறாலில் சேரும் உலோக மாசு நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

இறால் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் உயிரி. சேற்றில் ஆலைக் கழிவோ நிலக்கரிச் சாம்பலோ படிந்தால், அதிலுள்ள காட்மியம், ஈயம் போன்றவை அதன் உடம்புக்குள் போய்விடும். எண்ணூரில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்தது நம் மாநிலத்து உதாரணம்.

உள்ளே போன காட்மியம் எங்கே தங்குகிறது? இறாலின் தலைக்குள் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீங்க. கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் செய்யும் சுரப்பி அது. காட்மியம் அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சேர்கிறது. வால் சதையில் அதைவிடக் குறைவு.

ஐரோப்பிய ஒன்றியம் இறாலுக்கு வைத்திருக்கும் காட்மியம் வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். இதுல ஒண்ணைக் கவனிக்கணும்: அந்த வரம்பு வால், கால் சதைக்குத்தான்; தலை கணக்கிலேயே இல்லை. தலையைப் போட்டுக் குழம்பு வைப்பவருக்கு அந்த எண் பதில் சொல்லாது. சென்னாக்கூனியை நாம தலையோடு முழுசாகவே தின்கிறோம்.

அடுத்தது காய்ச்சல் கணக்கு. பச்சை இறாலில் முக்கால் பங்கு தண்ணீர். வெயிலில் போவது தண்ணீர் மட்டும். உலோகம் அப்படியே நிற்கும். ஆக, ஒரு கிலோ காய்ந்த இறாலில் மூன்று நான்கு கிலோ பச்சை இறாலின் உலோகம் இருக்கும். அதுக்காகக் கருவாடு விஷம்னு நான் சொல்ல வரலை. உலர்ந்த இறாலை நாம் கைப்பிடிதான் போடுகிறோம். அந்தக் கைப்பிடியைப் பச்சை இறாலாக எண்ணிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கழுவினால் மணலும் உப்பும் போகும், கொதிக்க வைத்தால் கிருமி சாகும். காட்மியம் இரண்டாலும் அழியாது. மனித சிறுநீரகத்தில் சேர்ந்தால் பத்து வருஷத்துக்கு மேல் தங்கும். ஒருநாள் சாப்பாட்டைவிட, வாராவாரம் சாப்பிடும் பழக்கம்தான் முக்கியம்.

நான் பரிந்துரைப்பது இதுதான்: பெரிய இறாலில் தலையைக் கிள்ளி, முதுகுக் குடலை உருவிவிடுங்க. தலை கிள்ள முடியாத கூனிப் பொடியை அன்றாடச் சாப்பாடாக்காம, தொட்டுக்கொள்ள மட்டும் வச்சுக்குங்க. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாகக் கொடுங்க.