கற்பனை விளையாட்டில் களவும் நட்பும்



நம் ஊர் வீட்டுத் திண்ணைகளில் 'ராசா, மந்திரி, பொலிஸ், கள்ளன்' என்று நான்கு கடதாசித் துண்டுகளில் எழுதி, மடித்துக் குலுக்கிப் போட்டு விளையாடிய நாட்களைப் பெற்றோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கள்ளன் துண்டை எடுத்தவன் முகத்தில் எதுவும் தெரியாதிருக்கப் படாத பாடு படுவான். அவன் அகப்பட்டதும் எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பர். எனினும் மறுநாள் அவனை எவரும் கள்ளன் என எண்ணியதில்லை. துண்டு அவனுக்கு அவ்வாறு விழுந்தது, அவ்வளவே.

சுவிற்சர்லாந்தில் வளரும் நம் பிள்ளைகளிற் சிலர் இன்று இதனினும் விரிவான ஒரு விளையாட்டை ஆடுகின்றனர். யேர்மன் மொழியில் 'றோலன்ஷ்பீல்' என்றும், பிரெஞ்சு மொழியில் 'ஜூ டு றோல்' என்றும் வழங்கும் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டே அது. அவ்விளையாட்டில் நண்பர்களுக்கிடையே மனக்கசப்பை உண்டாக்கும் ஒரு சிக்கலையும் அதைத் தீர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

விளையாட்டின் அமைப்பு

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துபவர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, மதகுரு, திருடன் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். "இருண்ட குகையொன்றின் வாயிலில் நிற்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் செயலைச் சொல்வர். அச்செயல் பலிக்குமா என்பது ஐயமாயின், பகடை உருட்டித் தீர்மானிப்பர். இருபது முகங்கள் கொண்ட பகடைகளும் இதிலுண்டு. ஒரே கதை பல மாதங்கள் தொடர்வதும் உண்டு.

இவ்வகை விளையாட்டுகளுள் முதன்முதலில் விற்பனைக்கு வந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974 இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் அதனை ஆக்கினர். யேர்மனியில் உல்றிக் கீசோவ் உருவாக்கிய 'கரிய கண்' எனப் பொருள்படும் 'டாஸ் ஷ்வார்ட்சே ஆவ்கே' 1984 இல் வெளிவந்தது.

1974 இன் முதற்பதிப்பில் திருடன் என்னும் பாத்திரம் இல்லை. 1975 இல் வந்த 'கிறேஹோக்' என்ற துணைநூலே அதனைச் சேர்த்தது. பூட்டைத் திறத்தல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல் என்பவற்றோடு பிறர் பையிலிருந்து பொருளெடுத்தலும் அப்பாத்திரத்தின் திறன்களுள் ஒன்றாயிற்று. 1978 இல் வெளியான விதிநூலின்படி, முதற் படிநிலைத் திருடன் பையிலிருந்து பொருளெடுப்பதில் வெற்றிபெறும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பதாகும். அக்காலத்தில் குகையிலிருந்து மீட்டுவரும் பொன்னே பாத்திரத்தின் வளர்ச்சிப் புள்ளிகளாகவும் கணிக்கப்பட்டது. ஆகவே தோழனின் பொன்னைக் கவரும் ஆசையும் இயல்பாக எழுந்தது.

சிக்கல் எங்கே தோன்றுகிறது?

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். மழை பெய்யும் சனிக்கிழமையொன்றில் நான்கு நண்பர்கள் விளையாடுகின்றனர். திருடன் பாத்திரமேற்ற சிறுவன் நடத்துபவரிடம் ஒரு துண்டுக் கடதாசியை இரகசியமாகக் கொடுக்கிறான். 'உறங்கும் மந்திரவாதியின் மோதிரத்தை எடுக்கிறேன்' என்று அதில் எழுதியுள்ளான். பகடையும் அவனுக்குச் சாதகமாக விழுகிறது. மூன்று வாரங்களின் பின் உண்மை வெளிவர, மந்திரவாதியாக ஆடும் சிறுமி கண்கலங்குகிறாள். அவனோ, "நான் எடுக்கவில்லையே, என் பாத்திரம்தானே எடுத்தது!" என்கிறான்.

இவ்விடை பொருந்துமா? பாத்திரத்துக்குத் தனியே மனமில்லை. அது என்ன செய்யவேண்டும் என்று தீர்மானித்தவன் அவனே. மோதிரம் கற்பனைதான், ஆனால் அதைப் பெற அவள் செலவிட்ட சனிக்கிழமைகள் கற்பனையல்ல. கதையில் வரும் கடைக்காரனிடம் திருடினால் மேசையில் இருக்கும் எவருக்கும் இழப்பில்லை. தோழியிடம் திருடும்போது எதிரில் அமர்ந்திருப்பவள் இழக்கிறாள்.

மேலும் ஒன்றுண்டு. உண்மை வாழ்வில் நம்மிடம் திருடிய ஒருவரோடு நாம் தொடர்ந்து பயணம் செய்யமாட்டோம். விளையாட்டிலோ அந்தத் திருடனைக் கூட்டத்திலிருந்து நீக்கினால், நண்பனையே மேசையிலிருந்து எழுப்புவது போலாகும். ஆதலால் இழந்தவர் வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறார். அல்லது பழிவாங்கத் தொடங்குகிறார். பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் பையைக் காப்பதிலேயே கருத்தாயிருக்க, கதை நின்றுவிடுகிறது.

தீர்க்கும் வழிகள்

முதலாவது, ஆட்டம் தொடங்குமுன் பேசி முடிவெடுத்தல். இதற்கெனவே முதல் நாளுக்கு முன் கூடும் வழக்கத்தை 'பூச்சிய அமர்வு' என்பர். 2020 இல் வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' துணைநூல் ஒன்றும் இதனை விளக்குகிறது. நமக்குள் களவே கூடாதா, உடன்பாட்டோடு கூடுமா, தடையின்றிக் கூடுமா என்பதை அனைவரும் அங்கே தீர்மானிக்கலாம்.

இரண்டாவது, இழக்கப்போகிறவரிடம் வெளிப்படையாகக் கேட்டல். "என் திருடன் உன் மோதிரத்தை எடுக்க முயன்றால் உனக்குச் சம்மதமா?" என்று கேட்டால், "எடு, ஆனால் மூன்றாம் நாள் நான் கண்டுபிடித்துவிடுவேன்" என அவள் சொல்லக்கூடும். அப்போது அக்களவு இருவரும் சேர்ந்து புனையும் கதையாகிறது.

மூன்றாவது, நடத்துபவரின் பொறுப்பு. உடன்பாடில்லாத களவை அவர் பகடை உருட்டுமுன்னரே நிறுத்தவேண்டும். உருட்டியபின் நிறுத்தினால் அது ஓரவஞ்சனையாகத் தோன்றும்.

நான்காவது, கிடைக்கும் பொருள்களை ஒரு தாளில் எழுதி நியாயமாகப் பங்கிடுதல். பங்கில் குறை கண்டவனே பல வேளைகளில் களவை நாடுகிறான்.

தவறு நடந்துவிட்டால், கதைக்குள் இடிவிழச் செய்து தண்டிப்பதில் பயனில்லை. ஆட்டத்தை நிறுத்தி, பாத்திரங்களாக அன்றி நண்பர்களாகப் பேசவேண்டும். தேவையாயின் அந்நிகழ்ச்சி நடவாததாகக் கொண்டு கதையைப் பின்னிருந்து தொடரலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

'திருடன்' என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை. இருளில் முன்னே சென்று பொறிகளைக் கண்டறிந்து தோழரைக் காப்பவனும் அவனே. அப்பாத்திரத்தின் ஆங்கிலப் பெயர்கூட 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் 'தீஃப்' என்பதிலிருந்து 'றோக்' என மாற்றப்பட்டது.

திருக்குறளின் 29 ஆம் அதிகாரமாகிய கள்ளாமை, பிறர் பொருளை வஞ்சித்துக் கவர நினைப்பதையே தீதென்கிறது. அவ்வாறாயின் பிள்ளைகள் கள்ளனாக நடிக்கலாமா? வள்ளுவர் கடிவது வஞ்சனையையே. எல்லோரும் அறிந்து உடன்பட்ட இடத்தில் வஞ்சனை இல்லை. உடன்பாடின்றி நண்பரின் மகிழ்ச்சியைப் பறிப்பது, விளையாட்டேயாயினும், வஞ்சனையின் பக்கம் சேர்ந்துவிடும்.

எனவே பிள்ளை விளையாடி வந்ததும், "வென்றாயா?" என்று மட்டும் கேளாது, "யாரேனும் மனம் வருந்தினார்களா?" என்றும் கேளுங்கள். சுவிற்சர்லாந்தின் பல ஊர்களில் விளையாட்டுகளை இரவல் தரும் 'லூடோதேக்' நிலையங்கள் உள்ளன. பிள்ளைகளோடு அங்கு சென்று, நீங்களும் ஒருமுறை மேசையில் அமர்ந்து பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! கதையில் நீங்கள் கள்ளனாகலாம், அரசனாகலாம், மந்திரவாதியும் ஆகலாம். பகடைகளைப் பையில் இட்டு எழும்போது, வந்தபோதிருந்த நண்பர்களாகவே வீடு திரும்புங்கள்.