சி.டி. ஸ்கேன் ஊசி போட்டதும் உடம்பு சூடாகுதுங்களா? எது இயல்பு, எது ஆபத்து?

ஸ்கேன் மேசையில் படுத்தாச்சு, கையில் ஊசி ஏறுது. அடுத்த சில நொடிகளில் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை குப்புன்னு ஒரு சூடு. வாயில் இரும்பைச் சப்பின மாதிரி ஒரு ருசி. ‘ஐயோ, துணியிலேயே ஒண்ணுக்குப் போயிட்டோமோ’ என்று பதறிப் பார்த்தால், ஒன்றும் இல்லை!

பொள்ளாச்சி, பல்லடம், மேட்டுப்பாளையம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஸ்கேன் எடுக்க கோவைக்கு வருபவர்கள், இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, பயத்தோடேயே ஊர் திரும்ப வேண்டியதில்லை. இது இயல்பான விஷயம்தான்.

ஏன் இந்தச் சூடு?

சாதாரண ஸ்கேனில் ரத்தக்குழாயும் சதையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். ‘கான்ட்ராஸ்ட்’ மருந்தில் உள்ள அயோடின் எக்ஸ் கதிர்களைத் தடுப்பதால், ரத்தம் ஓடும் இடம் வெள்ளையாகத் தெரியும். இந்த மருந்து ரத்தத்தைவிடச் செறிவானது. இயந்திரம் வேகமாகச் செலுத்தும்போது ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதுதான் சூடு. இடுப்புப் பகுதியிலும் அது பரவுவதால்தான் சிறுநீர் கழிந்தது போன்ற உணர்வு. ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும்.

பழைய மருந்துகள் ரத்தத்தைவிட 5 முதல் 7 மடங்கு செறிவானவை. செறிவைக் குறைக்கும் யோசனையை 1969-ல் வெளியிட்டவர் ஸ்வீடன் மருத்துவர் டார்ஸ்டன் ஆல்மேன். ஜப்பானில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 1990-ல் வெளியானது. அதன்படி, கடுமையான பாதிப்பு பழைய மருந்தில் 10,000 பேரில் 22 பேருக்கு. புதிய வகையில் 4 பேருக்கு மட்டுமே.

எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது?

‘சூடுதானே, போயிடும்’ என்று வேறு அறிகுறிகளையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்வதுதான் ஆபத்து. உடல் அரிப்பு, தடிப்பு, முகவீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத்திணறல், ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம் இருந்தால் உடனே சொல்ல வேண்டும். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வரும். ‘கொஞ்ச நேரம் உட்காருங்க’ என்று ஊழியர்கள் சொல்வது அதனால்தான். தோல் தடிப்பு சில நாட்கள் கழித்தும் வரலாம். மிக அரிதாக, பொன்னுக்கு வீங்கி வந்தது போல உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கும். அது பெரும்பாலும் சில நாட்களில் தானே வற்றிவிடும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

முன்பு இந்த ஊசியால் ஒவ்வாமை வந்திருந்தாலோ, ஆஸ்துமா, சிறுநீரகம் அல்லது தைராய்டு பிரச்சினை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ மறைக்கக் கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கு அதை 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். தாமாக நிறுத்தக் கூடாது. ‘இறால், நண்டு ஒத்துக்காது, அதனால இந்த ஊசியும் ஆகாது’ என்பது தவறான நம்பிக்கை. அந்த ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றிலுள்ள புரதம், அயோடின் அல்ல.

ஸ்கேன் அறையில் தனியாகப் படுத்திருந்தாலும், நீங்கள் பேசுவது வெளியே இருப்பவருக்குக் கேட்கும். சூடு தானா அடங்கிடும். அரிப்போ மூச்சுமுட்டலோ வந்தா, கூச்சப்படாம சொல்லிடுங்க.