தள்ளிப்போட முடியாத வேலைகள்

இரு சம்பளம், ஒரு சமையலறை – 7

மும்பை சர்ச்கேட்டிலிருந்து விரார் நோக்கிக் கிளம்பும் மாலை ரயில்களின் மகளிர் பெட்டியில், உட்கார இடம் கிடைத்ததும் சில பெண்கள் பையிலிருந்து கத்தியை எடுப்பார்கள். கீரை ஆய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள், பீன்ஸ் நறுக்குவார்கள். மும்பைப் பெண்களின் சுறுசுறுப்புக்கு உதாரணமாக இதைக் காட்டுவது வழக்கம். அதே ரயிலின் பொதுப் பெட்டியில் ஆண்கள் சீட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். சில பெட்டிகளில் தாளம் தட்டி பஜனை பாடுவார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. அவர்களும் காலையிலிருந்து உழைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் குழம்பு கொதித்தாக வேண்டும் என்ற கெடு அவர்கள் தலையில் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டு வேலைகளில் கெடு உள்ளவை, கெடு இல்லாதவை என்று இரண்டு ரகம் உண்டு. காலை டிபன், பிள்ளையின் தலை பின்னுவது, டிபன் பாக்ஸ் கட்டுவது, லாரித் தண்ணீர் வரும்போது குடத்தோடு நிற்பது எல்லாம் முதல் ரகம். கரண்ட் பில் கட்டுவது, ஒட்டடை அடிப்பது, குழாய் வாஷர் மாற்றுவது, வண்டியை சர்வீஸுக்கு விடுவது இரண்டாம் ரகம். கரண்ட் பில்லுக்கு மின்வாரியமே நாள் கணக்கில் அவகாசம் தருகிறது. இட்லிக்குப் பள்ளி வேன் ஐந்து நிமிடம்கூடத் தராது.

'எங்கள் வீட்டில் பாதிப் பாதி' என்று சொல்லிக்கொள்ளும் தம்பதிகளின் கணக்கு பெரும்பாலும் எண்ணிக்கையில் சரியாகத்தான் இருக்கும். அவருக்கு ஆறு வேலை, இவருக்கு ஆறு வேலை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரத்தை எழுதினால்தான் குட்டு வெளிப்படும். மனைவியின் ஆறும் காலை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்; கணவரின் ஆறும் வாரம் முழுக்கக் காலாற நடக்கும். ரோசலிண்ட் பார்னெட், யூ-சூ ஷென் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்களை வைத்து 1997-இல் இதே பிரிவினையை ஆராய்ந்தார்கள். மன உளைச்சலோடு தொடர்புடையவையாக அவர்கள் கண்டது, நேரத்தை நாமே தீர்மானிக்க முடியாத வேலைகளை. அந்த வேலைகள் யார் தலையில் விழுந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும், விளைவு ஒன்றுபோலவே இருந்தது.

இந்தியாவில் இதை அளக்க அரசே ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணிவரை ஒருவர் என்னென்ன செய்தார் என்று அரை மணி நேரக் கட்டங்களாகக் கேட்டு எழுதுகிறார்கள். ஒரு நாளின் கணக்கை நள்ளிரவில் தொடங்காமல் நான்கு மணிக்குத் தொடங்கியவர் யாரோ, அவருக்கு நம் சமையலறைகள் தெரிந்திருக்கின்றன. 2019-இல், வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ம் எல்லா ஆண்களின் சராசரி அல்ல, அன்று ஏதாவது வீட்டு வேலை செய்த 26 சதவீதத்தினரின் சராசரி. 2024-இல் பெண்களின் நேரம் 289 ஆகக் குறைந்தது. நல்ல செய்தி என்று நிமிர்வதற்குள் அடுத்த எண் வருகிறது: ஆண்களுடையதும் 88 ஆகக் குறைந்திருக்கிறது. பெண்கள் இறக்கி வைத்த பத்து நிமிடத்தை எடுத்துச் சுமந்தவர் கணவர் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

அப்படியானால் யார்? ஒரு பகுதியை இயந்திரங்கள் சுமந்திருக்கலாம். தமிழ்நாட்டில் அதற்கு நல்ல சாட்சி கிரைண்டர். கோவையில் 1955-இல் பி. சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் வெட் கிரைண்டர், ஆட்டுக்கல்லில் குழவி சுழற்றிய கைகளுக்கு ஓய்வு கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்றை அது ஃப்ரிட்ஜோடு கூட்டுச் சேர்ந்து செய்தது. மாவரைப்பதை முந்தின நாள் மாலையே செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் போய், ஞாயிற்றுக்கிழமை அரைத்து வியாழன்வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. வேலையிலிருந்து கெடு கழன்றது. 2011-இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் தரத் தொடங்கியபோது இந்த வசதி குடிசை வீடுகளுக்கும் போனது. பிறகு அண்ணாச்சி கடையிலேயே பாக்கெட் மாவு வந்தது. கெடு போன பிறகு ஆண்களும் அந்த வேலையில் பங்கெடுக்கிறார்கள்: வாங்கி வருகிறார்கள்!

சட்னி மட்டும் இன்னும் காலை ஆறரைக்குத்தான் அரைபடுகிறது.

மும்பையின் டப்பாவாலாக்களும் ஒருவகையில் கெடுவைத் தளர்த்தியவர்கள்தான். மகாதேவ் ஹாவாஜி பச்சே 1890-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், கணவர் அலுவலகம் கிளம்பும்போதே மதியச் சாப்பாடு தயாராக வேண்டியதில்லை. அவர் போன பிறகு ஆற அமரச் சமைத்துக் கொடுத்தால் போதும், சுடச்சுட போய்ச் சேரும். ஆனால் டப்பாவை வாங்க ஆள் வரும்போது வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டுமே! மனைவியும் ஏழரை மணி ரயிலைப் பிடிக்கத் தொடங்கிய வீடுகளுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. மதியச் சாப்பாடும் விடியற்காலைக்கே திரும்பி வந்துவிடுகிறது.

கெடுவை வீட்டிலிருந்து முழுசாகவே வெளியே எடுத்த உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உப்புமா, கிச்சடி, பொங்கல். பசி, ஊட்டச்சத்து, வருகைப்பதிவு என்று அடுக்கப்பட்ட திட்ட நோக்கங்களில், வேலைக்குப் போகும் தாய்மார்களின் சுமையைக் குறைப்பதும் ஒன்று. மேடைகளில் அதிகம் பேசப்படாத நோக்கம் இதுதான். கட்டட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டிய பெண்ணுக்கு, காலையில் ஒரு அடுப்பு வேலை குறைவது சாதாரண விஷயமல்ல. தாய்மார்கள் என்றுதான் எழுதினார்கள், பெற்றோர் என்று எழுதவில்லை. நிலவரத்தை உள்ளபடி எழுதியதாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் அந்த உப்புமாவைக் கிளறுகிறவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்கள் வீட்டுக் காலை இன்னும் முன்னதாக விடிகிறது.

கெடு உள்ள வேலையை நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும்? ஐஸ்லாந்து பெண்கள் பார்த்தார்கள். 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் விட்டு வெளியே வந்தார்கள். ஆண்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சட்டென்று சமைக்கக்கூடிய சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனது. அன்று பெருக்காத வீடுகளைப் பற்றி யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. சாசேஜ் தீர்ந்ததைத்தான் இன்றுவரை சொல்கிறார்கள். குப்பை ஒருநாள் காத்திருக்கும், பிள்ளையின் வயிறு காத்திருக்காது.

கெடு உள்ள வேலைகளில் மோசமானது, கெடு எப்போது வரும் என்றே தெரியாதது. பகல் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து 'பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்' என்று போன் வரும். அப்பா எண்ணும் அம்மா எண்ணும் விண்ணப்பத்தில் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. எதற்கு முதலில் அடிப்பார்கள்? அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சுமார் 80 ஆயிரம் பள்ளி முதல்வர்களுக்கு, கற்பனையான பெற்றோர் பெயரில், எங்களை அழைத்துப் பேசுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்தார்கள். தந்தையைவிடத் தாயை அழைப்பதற்கான வாய்ப்பு 1.4 மடங்கு இருந்தது. நம் சட்டமும் தாயைத்தான் கூப்பிடுகிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதியும் தந்தது. அனுமதி பெண் ஊழியருக்கு. அதே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. ஸ்வீடனில், நோயுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு 120 நாள்வரை ஈட்டுத்தொகையோடு தாய், தந்தை யார் வேண்டுமானாலும் விடுப்பு எடுக்கலாம். அங்கேயும் அதிக நாட்கள் எடுப்பது தாய்மார்கள்தான். ஆனால் 'எனக்கு லீவு கிடைக்காது' என்று சொல்லும் வழி தந்தைக்கு இல்லை.

ஆகவே வேலைகளை எண்ணிப் பிரிப்பதைவிட, பொழுதுகளைப் பிரிப்பது உருப்படியான வழியாகத் தெரிகிறது. காலை முழுக்க ஒருவர், இரவு முழுக்க மற்றவர். காலை என்றால் அலாரம் வைப்பதிலிருந்து வேன் ஏற்றிவிடும்வரை. என்ன டிபன் என்று யோசிப்பதும், நாளைக்கு வெள்ளைச் சீருடை என்று நினைவு வைப்பதும் அதில் சேர்த்தி. 'நீ சொல்லு, நான் செய்கிறேன்' என்பது இந்த ஏற்பாட்டில் செல்லாது. முதல் வாரத்தில் உப்புமா கட்டி தட்டும், வேன் ஒருநாள் ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விடும். கூட இருப்பவர் எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்கினால் பழைய கதைதான். மாதம் ஒருமுறை பொழுதை மாற்றிக்கொண்டால், காலை நேரத்தின் எடை இருவருக்கும் கைப்பழக்கமாகத் தெரிந்துவிடும். ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் செவிலியர்கள், போலீஸார், ஐ.டி. ஊழியர்கள் இருக்கும் வீடுகளில் வேறு வழியில்லாமலே இது நடக்கிறது. மனைவிக்கு இரவு டியூட்டி என்றால் காலை டிபன் கணவர் பொறுப்புதான். விவாதத்துக்கு அங்கே நேரம் கிடையாது.

வசதி உள்ள பல வீடுகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, கெடுவைக் காசு கொடுத்து இன்னொரு பெண்ணிடம் மாற்றிவிடுகின்றன. ஆறு மணிக்கு ஒரு வீடு, ஏழே காலுக்கு அடுத்த வீடு, எட்டரைக்கு மூன்றாவது என்று ஓடும் அவருடைய பிள்ளைகளுக்குக் காலை டிபன் யார் செய்கிறார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)