பிரவுசருக்குள் நடப்பதை அறியும் உரிமை

மங்கலம்பேட்டை போன்ற ஊரில் ஒரு பிரவுசிங் சென்டர் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியைத் திறந்தால் பாதி ஊர் அதற்குள் இருக்கும். ஆதார், சாதிச் சான்று, பட்டா நகல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். பிரிண்ட் கைக்கு வந்ததும் வந்தவர் விருத்தாசலம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார். கோப்பு அங்கேயே கிடக்கிறது. இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு. ஒருவருக்கொருவர் பெயரும் வயதும் தெரிந்த ஊரில் அதற்குப் பூட்டு என்று பெயர் வைக்கக் கூடாது.

சென்டர் நடத்துபவர்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று பிரவுசர் கேட்டால் யாரும் ‘சரி’யைத்தான் தட்டுவார்கள். ஆகவே கவனம் நம்மிடம் இருக்க வேண்டும். பொதுக் கணினியில் உட்கார்ந்தால் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்து, இறக்கிய கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஏற்றுக்கொள்ளும் இடங்களில், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரையே கொடுங்கள்.

இன்காக்னிட்டோ ஒரு அளவுக்குத்தான் உதவும். சாளரத்தை மூடியதும் குக்கீகளும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் அந்தக் கணினியிலிருந்து போய்விடும். டவுன்லோட் ஆன கோப்பு போகாது. நீங்கள் பார்த்த தளங்களுக்கும் அவற்றில் ஒட்டியிருக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் உங்கள் வருகை தெரியும். இன்காக்னிட்டோவில் இருந்தபோதும் தங்களைப் பின்தொடர்ந்தது என்று சொல்லி அமெரிக்காவில் 2020-இல் கூகுள் மீது பயனர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான தரவுப் பதிவுகளை அழிக்க 2024-இல் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி. பிரவுசரே உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பது இன்னும் பெரிய கேள்வி. நம் கிராமங்களில் ஒரு காலத்தில் விலை குறைந்த போன் வாங்கிய எல்லோரிடமும் யூசி பிரவுசர் இருந்தது. டேட்டா குறைவாகச் செலவாகும், சினிமாப் பாட்டு வேகமாக இறங்கும் என்பதுதான் அதன் கவர்ச்சி. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-இல் அதை ஆராய்ந்தது. அதன் சீனப் பதிப்பு போனின் அடையாள எண்களையும் இருப்பிடத்தையும் போதிய பாதுகாப்பு இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பதிப்பிலோ, தேடும் சொற்கள் எந்தக் குறியாக்கமும் இல்லாமல் சென்றன. ஒருவர் தேடிய நோயின் பெயர் வழியில் நிற்கும் எவருக்கும் தெரியும் என்று பொருள். இந்திய அரசு அந்தச் செயலியைத் தடை செய்தது 2020 ஜூன் 29-இல். அதுவும் எல்லைப் பதற்றத்தின்போது, 59 செயலிகளில் ஒன்றாக. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் நம் மக்கள் அதில்தான் தேடினார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

திறந்த மூல பிரவுசரின் அருமை இங்கேதான் புரியும். அதன் நிரல் வரிகள் பொதுவில் இருக்கின்றன. என்னாலோ உங்களாலோ படிக்க முடியாவிட்டாலும் படிக்கத் தெரிந்த எவரும் படித்து, தவறு இருந்தால் ஊரறியச் சொல்லலாம். நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் தன் பிரவுசரின் நிரலை வெளியிட்டதிலிருந்து மொசில்லா பிறந்தது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. திறந்த நிரல் என்பதால் யாரிடமும் அனுமதிக்குக் காத்திராமல் தன்னார்வலர்கள் அதைத் தமிழாக்கினார்கள். 2005 ஏப்ரலில் மத்திய அரசு இலவசமாக வெளியிட்ட தமிழ் மென்பொருள் குறுவட்டில் தமிழ் ஃபயர்பாக்ஸும் இருந்தது.

இன்று குரோமின் அடித்தளமான குரோமியமும் திறந்த மூலம்தான். எட்ஜ், ஓப்பரா, பிரேவ், சாம்சங் பிரவுசர், மத்திய அரசின் இந்திய பிரவுசர் போட்டியில் 2025-இல் முதல் பரிசு வென்ற ஜோஹோவின் ‘உலா’ எல்லாம் அதன் மேல் கட்டியவையே. நம்மூர் நிறுவனம் வென்றதில் எனக்குப் பெருமை உண்டு, கவலையும் உண்டு. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளுக்குப் பத்து விதமாக வண்ணம் பூசலாம், அச்சில் கீறல் விழுந்தால் பத்திலும் அது இருக்கும். அச்சை மாற்றும் முடிவு கூகுளின் கையில் இருக்கிறது. விளம்பரத் தடுப்பான்கள் முழு வலுவோடு இயங்கத் தேவையான பழைய வசதியைக் குரோம் எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் வைத்திருக்கிறது. அந்த ஃபயர்பாக்ஸின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலுக்காகத் தரும் பணம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எல்லோரும் ஒன்றையே பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை முன்பே பார்த்திருக்கிறோம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இல்லாவிட்டால் டிஜிட்டல் கையெழுத்து வேலை நடக்காத அரசுத் தளங்கள் இருந்தன. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதை மூடியது. இன்று அந்த இடத்தில் கூகுள் நிற்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளைத் திணித்ததற்காகக் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகே, இயல்புத் தேடுபொறியைப் பயனரே தேர்வு செய்யலாம் என்று கூகுள் இந்தியாவில் அறிவித்தது. போனின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் இயல்புச் செயலிகள் என்ற இடத்தில் பிரவுசரையும் மாற்றிக்கொள்ளலாம். ஃபயர்பாக்ஸை நிறுவி, யூபிளாக் ஒரிஜின் என்ற நீட்சியைச் சேருங்கள். இது ஆண்ட்ராய்டு போனிலும் இயங்கும், காசு கிடையாது. பிறகு தள அனுமதிகளுக்குள் போய், எந்தெந்தத் தளத்துக்கு இருப்பிடம், மைக், அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்த்துத் தேவையற்றதை நீக்குங்கள்.

இவை நாமே செய்யக்கூடியவை, சட்டமும் துணைக்கு இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவற்றின் முக்கியப் பகுதிகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும். அப்போது ஒரு நிறுவனம் ஒப்புதல் கேட்கும் வாசகத்தைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு தர வேண்டும். என் தரவில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். பதில் சரியில்லை என்றால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம். பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு இச்சட்டத்தில் இல்லை. இது பெரிய குறை, திருத்தப்பட வேண்டும்.

இணைய மோசடியில் பணமே பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. குறுஞ்செய்தி, பரிவர்த்தனை எண், அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

இதையெல்லாம் யார் சொல்லித்தருவார்கள் என்று கேட்பவர்கள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் போதும். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகப் பத்தாண்டுக்கும் மேலாகக் கற்றுத்தருகிறது. நம் பள்ளிகளும் நூலகங்களும் அவர்களை ஒரு நாள் மங்கலம்பேட்டைக்கு அழைக்கலாம். பிரவுசிங் சென்டர் நடத்துபவர்களும் அன்று உடன் உட்கார வேண்டும்.