மடை திறக்கும் செய்தி

இலஞ்சி என்னும் சொல்லுக்கு அகராதிகள் மகிழமரம் என்றும் நீர்நிலை என்றும் பொருள் கூறுகின்றன. குற்றாலத்திற்கு அணித்தே உள்ள நம்மூரார்க்கு இரண்டாவது பொருளை விளக்க வேண்டியதில்லை. நிறைந்து நிற்கும் குளத்திலிருந்து வயலுக்கு நீர் வேண்டுமெனில் எவரும் புதுக்குளம் வெட்டுவதில்லை, மடையைத் திறக்கின்றனர். கணிப்பொறியில் இவ்வறிவு நமக்குப் பல காலம் இல்லாமற் போயிற்று.

முன்னொரு மலருக்காக, இவ்வட்டாரக் கால்வாய், மடைகளின் வழக்குப் பெயர்களை முதியவர் ஒருவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தோம். கோப்பு ஒன்று, அதனை அறியாமல் இரு சாளரங்களில் திறந்து வைத்திருந்தோம். காலையில் அவர் சொன்ன திருத்தங்கள் முதற் சாளரத்தில் ஏறிச் சேமிக்கப்பட்டன. மாலையில் பழைய படியைத் தாங்கிய மறு சாளரத்தில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திச் சேமித்தோம். காலைத் திருத்தம் அனைத்தும் அழிந்தது. மீண்டும் கேட்டுக்கொள்ளலாம் என நாள் கடத்தினோம். அதற்குள் அவர் மறைந்தார். இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

பிழை எங்கே? எளிய உரைத்தொகுப்பியை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிய இயக்கம் ஒன்று தொடங்குகிறது. ஒவ்வோர் இயக்கத்திற்கும் தனி நினைவகம் உண்டு. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று நேரே எட்டிப் பார்க்க இயங்குதளம் இடந்தராது. இந்தச் சுவர் நல்லதே. இல்லையேல் ஒரு நிரலின் கோளாறு மற்றவற்றையும் கெடுக்கும். எனினும் சுவருக்கு ஒரு மடை வேண்டும். அதுவே இயக்கங்களுக்கிடையே செய்தி அனுப்பும் முறை.

ஈமாக்ஸ் என்னும் தொகுப்பியை எடுத்துக்கொள்வோம். ரிச்சர்டு ஸ்டால்மன் உருவாக்கிய குனு ஈமாக்ஸ் 1985இல் வெளிவந்தது. அதனைப் பின்னணியிலேயே நிலையாக நிறுத்தி வைக்கும் வசதி 2009இல் வந்த 23ஆம் பதிப்பில் அமைந்தது. யூனிக்ஸ் வகைக் கணிப்பொறியில் அது சாக்கெட் என்னும் வாயிலைத் திறந்து காத்திருக்கும். ஈமாக்ஸ்கிளையன்ட் என்னும் சிறு நிரல் அவ்வாயிலுக்குச் சென்று, ‘இக்கோப்பைத் திற’ என்றோ ‘இக்கோவையைக் கணித்து விடை தா’ என்றோ செய்தி கொடுத்து மறுமொழி பெற்று வரும். நாம் திருத்தி முடிக்கும் வரை காத்து நிற்கவும் அதற்குத் தெரியும்.

விம் தொகுப்பியின் வழி வேறு. டச்சுக்காரரான பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டு, 2023இல் மறையும் வரை பேணி வளர்த்தது அது. 2001இல் வந்த 6ஆம் பதிப்பில் இச்செய்தி முறை இடம்பெற்றது. எக்ஸ் சாளர அமைப்பில் இவ்வாறு செய்தி ஏற்கும் ஒவ்வொரு விம்மும் தன் பெயரை ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதி வைக்கும். அப்பெயர் முன்னரே இருப்பின், எண் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். ஒரே வகுப்பில் இரண்டு முகமதுகள் இருப்பின் ஆசிரியர் செய்வது போல. அனுப்புவோன் பதிவேட்டைப் பார்த்து உரியவரின் சாளரத்தில் செய்தியை ஒட்டி வைப்பான். பெறுவோன் அதனை எடுத்து நிறைவேற்றும். ஜான் அவுஸ்டர்ஹவுட் படைத்த டிகே கருவியின் அனுப்பு கட்டளையைத் தழுவி அமைந்த முறை இது. விண்டோசில் இயங்குதளமே செய்தியைப் படியெடுத்துப் பெறுவோனின் நினைவகத்தில் சேர்த்துவிடுகிறது.

இங்கே மாணவர் ஒன்றைக் கருத்திற் கொள்க. விம்முக்கு விசைகளாக அனுப்பும் செய்தி, நாம் விசைப்பலகையில் தட்டியதற்கே ஒப்பாகும். அது எழுதும் நிலையில் இருக்கையில் ‘சேமி’ என்னும் கட்டளையை அனுப்பினால், அக்கட்டளை எழுத்துகளாகக் கட்டுரையின் நடுவே போய் அமர்ந்துவிடும்! ஆதலின் முதலில் இயல்பு நிலைக்குத் திருப்பும் விசைகளை அனுப்பிய பின்னரே கட்டளையை அனுப்புதல் முறை. கோவையாக அனுப்பி விடை கேட்பின் இவ்விடர் இல்லை.

தமிழுக்கு இன்னொரு நுட்பம் உண்டு. ‘இலஞ்சி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் அது ஆறு குறியீடு, யு.டி.எஃப்-8 முறையில் 18 பைட்டு. அனுப்புவோனும் பெறுவோனும் ஒரே குறியாக்கத்தைக் கொள்ளாவிடில் ஊர்ப்பெயரே உருக்குலையும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அறிவிக்கப்பட்ட டாம், டாப் குறியாக்கங்களில் உள்ள பழங்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியவர் இதனை நன்கறிவர். விம் தன் செய்தியோடு குறியாக்கத்தின் பெயரையும் சேர்த்தே அனுப்புகிறது; விரும்பத்தக்க ஒழுக்கம்.

மடையைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதும் எண்ணத்தக்கது. கட்டளை ஏற்கும் தொகுப்பி, கோப்பை அழிக்கும் கட்டளையையும் ஏற்கும். அதனாலேயே ஈமாக்சின் சாக்கெட், உரியவர் மட்டுமே நுழையும் கோப்புறையில் வைக்கப்படுகிறது. வலையமைப்பு வழியே கேட்கும்போது மறைச்சாவி காட்டாதவரை அது ஏற்பதில்லை. எக்ஸ் அமைப்பிலோ, நம் திரையோடு இணைய இசைவு பெற்ற எந்நிரலும் விம்முக்குக் கட்டளையிடலாம். இசைவு தருவதில் விழிப்பு வேண்டும்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே சோகோ நிறுவனத்தின் மென்பொருள் வல்லுநர் பணிபுரியும் காலம் இது. இவற்றைக் கற்க நம் மாணவர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

இம்மலரின் கட்டுரைகள் யாவும் பெயரிட்ட ஒரே விம்மில் திருத்தப்பட்டன. எவர் எக்கோப்பை மீண்டும் அழைத்தாலும், முன்னரே திறந்திருக்கும் அதே பிரதியே முன்வந்து நின்றது. முதியவர் சொன்ன மடைப்பெயர்களில் நம் நினைவில் எஞ்சியவை பதினொன்று. அவற்றையும் அதிலேயே எழுதி வைத்துள்ளோம். மற்றவற்றை அறிந்த பெரியோர் துறைக்கு வந்து சொன்னால், உடனிருந்து எழுதிக்கொள்வோம்.